மைக்கை அங்கே வைத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பழைய நையாண்டி மேளக் கேசட் ஒன்று இப்போது இணையத்தில் மறுபடி வெளியாகியிருப்பதைப் பற்றி விமர்சனம் போட்டிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். சினிமாப் பாட்டுக்கு வெளியே இருக்கிற இசைக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுதியவரும் ஆசையாகக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். நாதஸ்வரக்காரரின் பிடிகள், பம்பையின் துள்ளல், நடுவில் வரும் குலவை எல்லாவற்றையும் குறிப்பிட்டிருக்கிறார். கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது: எந்தப் பூச்சும் இல்லாமல், சில்வண்டுச் சத்தம் உட்பட அந்த ஊர் ராத்திரி அப்படியே பதிவாகியிருக்கிறது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது அப்படியே பதிவாகவில்லை ஐயா. ஒரு மனிதர் உட்கார்ந்து பதிவு செய்தார். நான் அப்போது அவர் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டு நின்றேன்.

1993, சித்திரை மாதம். மதுரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வயது 19. அங்கே ஒலிப்பதிவு பார்த்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன் 15 வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மர்ஃபி ரேடியோவைத் திறந்தாலே மூக்கால் மோந்து எந்த கண்டன்சர் போயிருக்கிறது என்று சொல்லுவார். ஸ்டுடியோ அறை 12க்கு 14 அடி இருக்கும், சுவரெல்லாம் தென்னைநார்ப் பாய், அதற்கு மேல் சாக்கு. ஆர்மோனியம், தபலா வைத்துப் பக்திப் பாட்டு எடுக்கக் கட்டிய அறை. அதற்குள் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தாளம் என்று ஒரு முழு மேளத்தைக் கேசட் கம்பெனி கொண்டுவந்து இறக்கியது.

முதல் டேக் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. மீட்டர் முள் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழுகிற ஒவ்வொரு அடியும் சுவரில் மோதி மறுபடி மைக்குக்கே வந்தது, நாதஸ்வரமும் பம்பையும் களி கிண்டியது மாதிரி ஒன்றாகிவிட்டன. கம்பெனிக்காரர், "இதையே வச்சுக்கலாம், திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர்ல போடறதுக்கு இது போதாதா" என்றார். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார். அன்றைக்கு வாடகை போனாலும் பரவாயில்லை என்று எல்லோரையும் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம்தான் வந்தார். ஊருக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலை, அதன் நெல் காயப்போடுகிற களம், அதைக் கேட்டு வாங்கிவிட்டு வந்திருந்தார்.

கடைசி பஸ் போனதும் ராத்திரி 11 மணிக்கு மேல் ஆரம்பித்தோம். சுற்றிச் சுவர் கிடையாது, சத்தம் போய் மோதித் திரும்ப ஒன்றுமே இல்லை. மொத்தமே இரண்டு மைக். சட்டைப் பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து சிமென்ட் தரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டார். நாதஸ்வரம் 8 அடியில், அதுவும் அணைசு, அதாவது முன்னால் விரிந்திருக்கிற வாய், மைக்கைப் பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கி. அந்த வாத்தியத்தில் பாதிச் சத்தம் விரல் துளைகளில் இருந்துதான் வருகிறது, அணைசுக்கு நேரே மைக்கை நீட்டினால் காதைக் கிழிக்கும், இது நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டது. தவில் 15 அடி. பம்பை அதற்கும் பின்னால். தாளக்காரரை எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார், அவருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் பித்தளைச் சத்தம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடும். ஏதாவது தூக்கலாகக் கேட்டால் அண்ணன் மிக்ஸரைத் தொடவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய், "மாமா, ஒரு எட்டு பின்னால போய்க்கங்க" என்பார். அப்படியே அரை மணி நேரம்.

பகலில் எடுத்திருக்கலாம், வண்டுச் சத்தம் இருக்காது. கம்பெனிக்காரர் அதைத்தான் சொன்னார். அண்ணன் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது: "பகல்ல இவுக வேலை பாப்பாக, ராத்திரிதான் வாசிப்பாக." சாமி ஊர்வலத்தில் விடிய விடிய வாசித்துப் பழகிய கைகள், ஒரு மணி ஆனதும் தானாகச் சூடேறிவிட்டன. ஆலையில் தங்கி வேலை பார்த்த பெண்கள் எழுந்து வந்து களத்தின் ஓரமாக உட்கார்ந்தார்கள், ஒரு இடத்தில் அவர்களாகவே குலவை போட்டார்கள். நான் பதறிப்போய் அண்ணனைப் பார்த்தேன். வாயில் விரலை வைத்துக்காட்டினார். உங்கள் விமர்சகர் ரசித்து எழுதியிருக்கிற அந்தக் குலவை அதுதான். டேப்பில் அது தங்கியிருப்பதற்குக் காரணம் நிறுத்தாமல் விட்ட ஒரு கை.

கேசட் வந்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மேளக் குழுத் தலைவர் பெயர் இருந்தது, நியாயம். கம்பெனி முதலாளி பெயர் 'தயாரிப்பு' என்று இருந்தது. விளம்பரம் கொடுத்த பாத்திரக் கடை, அட்டைப் படம் எடுத்த போட்டோ ஸ்டுடியோ, அடியில் பொடி எழுத்தில் சிவகாசி அச்சகம் வரைக்கும் இருந்தது. ஒலிப்பதிவு என்று ஒரு வரி இல்லை. அண்ணனிடம் காட்டினேன். "சத்தம் நல்லா வந்திருக்கில்ல? அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 2011-ல் அவர் இறந்து போனார்.

இதை ஒரு தனி மனிதரின் குறையாக எழுதவில்லை. இப்படி நடப்பது வழக்கம் என்றே நினைத்திருந்தேன், இரண்டு பழைய பத்திரிகைகள் கைக்கு வரும் வரைக்கும். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து எங்களிடம் நாலு பாட்டு பதிவு செய்த ஒரு பையன், போகும்போது 'டேப் ஆப்' என்ற பத்திரிகையின் இரண்டு இதழ்களை விட்டுவிட்டுப் போனான். லேரி கிரேன் என்ற ஒலிப்பதிவாளர் 1996-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஆரம்பித்தது. நம் ஊர்ச் சிற்றிதழ் மாதிரிதான் தொடக்கம். எனக்கு அதைப் பார்த்ததும் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' தொடங்கியது ஞாபகம் வந்தது, பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாத புதுக்கவிதைக்கு ஓர் இடம் உண்டாக்கிய மாதிரி, இது பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத இசையைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஓர் இடம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வீட்டின் அடித்தளத்தில் டேப் மெஷின் வைத்து நண்பர்களின் பாண்டைப் பதிவு செய்கிறவர், யாரும் வாங்காத சத்த இசையை எடுக்கிறவர், இவர்களிடம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேட்டி எடுத்திருந்தார்கள். எந்த மைக், எவ்வளவு தூரம், ஏன் அந்த அறை, பாடுகிறவர் மனம் சரியில்லாத அன்றைக்கு என்ன செய்தீர்கள். அண்ணனிடம் யாராவது இப்படி ஒரு நாள் கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பார் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் 1985-ல் இருந்து 'சவுண்ட் ஆன் சவுண்ட்' வருகிறது. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அது எப்படிப் பதிவானது என்று பல பக்கம் எழுதுவார்கள். அமெரிக்காவில் 'மிக்ஸ்' 1977-ல் இருந்து இருக்கிறது. இவற்றிலும் குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். கருவி விளம்பரம்தான் இவற்றுக்குச் சோறு போடுகிறது (டேப் ஆப்புக்கு அமெரிக்காவில் ரொம்ப காலம் சந்தாவே இலவசமாக இருந்தது, விளம்பரத்தில்தான் ஓடியது), அதனால் புது மைக், புதுப் பெட்டி என்று நிறைய பக்கங்கள் போய்விடும். நம் தவிலையோ உடுக்கையையோ எப்படி எடுப்பது என்று அங்கே போய்த் தேடினால் ஏமாற்றம்தான். ஆனாலும் பெயரை எழுதுகிறார்கள். எழுதியதால்தான் பல பெயர்கள் தங்கியிருக்கின்றன.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டபி என்று ஒருவர் இருந்தார். அவரும் ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்த்தவர்தான், டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தவர், தெருவில் மைக் செட் கட்டியவர். பிறகு வீட்டிலேயே நான்கு டிராக் மெஷினும் மிக்ஸரும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பதிவு செய்த ரெக்கே பாட்டுகளை வாங்கி, பாட்டுக் குரலை அங்கங்கே நீக்கிவிட்டு, டிரம்மையும் பேஸையும் மட்டும் முன்னால் கொண்டுவந்து, திடீரென்று எக்கோவைத் தூக்கிவிட்டு, டப் என்ற வகையையே உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 1970களில் அங்கே வந்த இசைத்தட்டுகளின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கும். அவர் ஒரு வரி பாடியதில்லை. மிக்ஸரில் உட்கார்ந்தவரின் பெயரைப் பார்த்துச் சனம் தட்டு வாங்கியது. 1989-ல் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் அவரை. ஏழைத் தீவு, சின்னச் சந்தை, அங்கேயே மிக்ஸரில் உட்கார்ந்தவர் பெயரைப் போட முடிந்திருக்கிறது.

அமெரிக்காவில் ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் ஜாஸ் கலைஞர்களை வரவழைத்துப் பதிவு செய்தவர், 1959-ல்தான் சொந்தமாக ஸ்டுடியோ கட்டினார். புளூ நோட் கம்பெனியின் தட்டு அட்டைகளில் ஒலிப்பதிவு அவர் என்று அச்சடித்திருக்கும். போதாததற்கு தட்டின் உள்வட்டத்தில், பாட்டு முடிந்து வெறுமையாக இருக்கிற இடத்தில், ஆர்விஜி என்று அவர் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் பொறித்திருக்கும். பழைய தட்டு சேகரிப்பவர்கள் இன்றைக்கும் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்து அந்த மூன்று எழுத்தைத் தேடித்தான் விலை பேசுகிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. லண்டனில் பிபிசிக்காகப் புதுப் புதுச் சத்தங்களை உருவாக்கிய ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்ற பிரிவில் இருந்த டீலியா டெர்பிஷயர் 1963-ல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை உருவாக்கினார். ரான் கிரெய்னர் மெட்டை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்; சின்தசைசர் கைக்கு வராத காலத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே டேப்பில் எடுத்து, பிளேடால் வெட்டி, ஒட்டி ஒட்டிச் செய்தது அந்தப் பெண். கேட்டுவிட்டு கிரெய்னரே அவருக்கும் பங்கு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் பெயரைப் போடுவதில்லை என்பது பிபிசியின் வழக்கம், மறுத்துவிட்டார்கள். டெர்பிஷயர் 2001-ல் இறந்தார். தொடரின் ஐம்பதாவது ஆண்டு நிகழ்ச்சியில்தான், 2013-ல், அவர் பெயர் திரையில் வந்தது. அந்த 50 வருஷத்திலும் அவர் பெயரை உயிரோடு வைத்திருந்தது இசைப் பத்திரிகைக்காரர்களும் ஆர்வமாகத் தேடி எழுதியவர்களும்தான்.

விருதுகள் இருக்கின்றனவே என்பார்கள். கிராமியில் 1975-ல் இருந்து ஆண்டின் சிறந்த இசைத் தயாரிப்பாளர் என்று ஒரு விருது கொடுக்கிறார்கள். மேற்கத்திய செவ்வியல் போக மற்றதெல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள், வாங்கியவர்கள் பட்டியலில் பெரும்பாலும் லட்சக்கணக்கில் விற்ற பாப் ஆல்பங்கள். இங்கே தேசியத் திரைப்பட விருதில் ஒலிப்பதிவுக்கு இடம் உண்டு. நம் எச். ஸ்ரீதர் நான்கு முறை வாங்கினார், 2008-ல் அவர் மறைந்தபோது எல்லோருமே எழுதினோம், எழுத வேண்டியவர். அது திரைப்பட விருது, படத்துக்குத்தான் கொடுப்பார்கள். கரகாட்ட மேளத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் அங்கே வழியில்லை.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'தயாரிப்பாளர்' என்றால் நமக்குப் பணம் போட்டவர். சினிமாவில் இருந்து வந்த பழக்கம். பாட்டுக்காரர் எந்தச் சுருதியில் பாடினால் அவர் குரல் திறக்கும், எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எந்த வாத்தியத்தை எங்கே உட்கார வைப்பது, வண்டுச் சத்தம் இருக்கட்டுமா போகட்டுமா என்று முடிவு எடுக்கிறவருக்கு நம்மிடம் சொல்லே கிடையாது. ஸ்டுடியோவில் 'இன்ஜினியர்' என்போம், கிராமத்தில் 'ரெக்கார்டிங்காரர்', கோயில் திருவிழாவில் 'மைக் செட்டுக்காரர்'. இளைய பிள்ளைகள் இப்போது 'மியூசிக் புரொட்யூசர்' என்று தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், எனக்கு அது தப்பாகப் படவில்லை. சொல் எதுவாக இருந்தாலும் சரி, ஆள் இருக்கிறார் என்பது தெரிய வேண்டும்.

சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன், தெரிந்த வக்கீல் ஒருவர் விளக்கினார். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் 52-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒலிப்பதிவை வெளியிட்டால் அதன் மீதும் உறையின் மீதும் அதைச் செய்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதலில் வெளியான வருஷம் மூன்றும் இருக்க வேண்டும். படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன், 'செய்தவர்' என்று இருக்கிறதே என்று. வக்கீல் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைக் காட்டினார். ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' என்று சட்டம் சொல்வது தயாரிப்பாளரை, தயாரிப்பாளர் என்றால் அதைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர், நடைமுறையில் கம்பெனி. பாடுகிறவர், வாசிக்கிறவர் தன் பெயரைக் கேட்டு வாங்கும் உரிமை 2012 திருத்தத்தில் வந்துவிட்டது, நல்ல விஷயம். பதிவு செய்தவருக்கு அந்த உரிமை இல்லை. அந்த ராத்திரி களத்தில் முன்முயற்சி யாருடையது, பொறுப்பு யாருடையது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சட்டம் மாற நாளாகும். இப்போதைய இணைய வெளியீட்டில் இடம் தாராளமாகவே இருக்கிறது. பாட்டை ஏற்றும்போது நிரப்புகிற படிவத்தில் ஒலிப்பதிவு யார், மிக்ஸிங் யார், புரொட்யூசர் யார் என்று கட்டங்கள் உண்டு. 2018-ல் இருந்து ஸ்பாட்டிபையிலேயே கேட்கிறவர் தட்டிப் பார்க்கலாம், யார் எழுதினார், யார் புரொட்யூஸ் செய்தார் என்று. பழைய கேசட்டுகளை ஏற்றுகிறவர்கள் அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுகிறார்கள், அல்லது கம்பெனி பெயரையே எல்லாக் கட்டத்திலும் போட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். கேசட் அட்டையில் இல்லை, அதனால் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் விமர்சனம் எழுதிய வெளியீட்டிலும் அப்படித்தான். கீழே கருத்துப் பகுதியில் சனம், "என்ன சத்தம்யா இது, களத்துல உட்கார்ந்து கேக்கற மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறது. களம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. காதுக்கே தெரிந்திருக்கிறது.

எங்கள் தொழிலிலேயே சிலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நல்ல ஒலிப்பதிவு என்றால் பதிவு செய்தவர் இருப்பதே தெரியக்கூடாது, அப்புறம் பெயர் எதற்கு என்பார்கள். சிகாகோவின் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி அப்படிப்பட்டவர். நிர்வாணா என்ற ராக் குழுவின் 1993 ஆல்பத்தைப் பதிவு செய்தபோது ராயல்டி வேண்டாம், குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குக் கொடுப்பது மாதிரி வேலைக்குக் கூலி கொடுங்கள் போதும் என்று கடிதமே எழுதினார். 'புரொட்யூசர்' என்று போடவே விடமாட்டார். 2024 மே மாதம் 61 வயதில் திடீரென்று போய்விட்டார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னபோது, வேண்டுமா என்று கேட்க அங்கே ஆட்கள் இருந்தார்கள், அவர் பேட்டிகளே ஒரு அலமாரி நிறைய வரும். அண்ணனும் போதும் என்றுதான் சொன்னார். அவர் சொன்னது அவருடைய பெருந்தன்மை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நாம் எழுதாமல் இருக்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் விமர்சனத்தின் அடியில் பாடியவர், எழுதியவர், வெளியீடு என்று கட்டம் போடுகிறீர்கள். அதில் 'ஒலிப்பதிவு' என்று இன்னும் ஒரு வரி. தெரியாவிட்டால் வெளியீட்டாளரை ஒரு போன் போட்டுக் கேளுங்கள், கேட்டாலே அடுத்த முறை அவர்களாக அனுப்பிவிடுவார்கள். மார்கழி சீசனில் சபா கேன்டீன் அடை அவியலுக்குக் கூட இடம் கொடுக்கிறோம், கச்சேரி ஒலி அமைப்பைப் பற்றி மைக் கீச்சிட்டால் மட்டும்தான் எழுதுகிறோம். தம்புரா கடைசி வரிசை வரைக்கும் கேட்ட கச்சேரிக்கும் ஒருவர் காரணமாக இருந்திருப்பார், அவரையும் ஒரு வரி எழுதலாம். முடிந்தால் மாதம் ஒரு முறை அரைப் பக்கம், திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ சின்ன ஸ்டுடியோ வைத்து வில்லுப்பாட்டும், ஒப்பாரியும், பறையும், தேவாலயப் பாட்டும், பொடியன்களின் ராப்பும் பதிவு செய்கிறவர்களிடம் ஒரு பேட்டி. பறை எடுப்பதற்கு முன் தோலைத் தீயில் காய்ச்சினால் எத்தனை நிமிஷம் அந்தச் சுருதி நிற்கும், அதற்குள் டேக்கை முடிக்க என்ன பாடு படுகிறோம் என்று அவர்கள் சொல்லுவார்கள், சுவாரசியமாக இருக்கும், படிக்க ஆள் உண்டு. தமிழில் தனியாக ஓர் ஒலிப்பதிவுப் பத்திரிகை வந்தால் முதல் சந்தா என்னுடையதுதான், ஆனால் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தட்டிலேயே தன் பெயரை உரக்கச் சொன்னார். தட்டு அச்சடிக்கிற ஜெர்மனித் தொழிற்சாலையில் லேபிள் மாறிவிடக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எதிரே குழாயை வைத்துப் பதிவு செய்த பிரெட் கெய்ஸ்பர்க்கின் பெயர் தட்டில் இல்லை. ஆனால் அவர் நாட்குறிப்பு எழுதினார், பின்னால் புத்தகமும் எழுதினார், அதனால் இன்றைக்கு அவரைத் தெரியும்.

அண்ணனும் எழுதியிருக்கிறார். அவர் போன பிறகு அவர் வீட்டில் எனக்குக் கொடுத்தது ஒரு மைக் ஸ்டாண்டும் கோடு போட்ட நான்கு நோட்டுகளும். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, யார் வந்தார்கள், எந்த மைக், எத்தனை அடி, டேக் எத்தனை என்று நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் இருந்து, கடைகளில் விற்ற 11 கேசட்டுகளை நான் அடையாளம் கண்டிருக்கிறேன். பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், அதில் அவர் பெயரும் என் பெயரும் முகவரியும் இருக்கின்றன. கடிதத்திலேயே அவர் பெயரை எழுதியிருக்கலாம். யாரோ ஒரு வாசகர் சொன்னார் என்று வருவதைவிட, நீங்கள் விசாரித்து, அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு, போன வார விமர்சனத்துக்குத் திருத்தமாகப் போட்டால்தான் அவருக்கு மரியாதை என்று தோன்றியது. களத்தில் எடுத்த அந்த ராத்திரிக்கான பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். விபூதிக் கோடு போட்ட இடமெல்லாம் படமாகவே வரைந்து, அடி அங்குலம் குறித்திருக்கிறார். கடைசி வரியில், "வண்டு இருக்கட்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.